பேருந்தில் நான் பிரித்த பதிவேடு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில், பந்தி முடிந்து எல்லோரும் மண்டபத்து நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது உனக்கு வரப்போகிறவள் என்னைப் பார்த்து, "மாமா, இவரு உங்களுக்கு ரொம்ப பயப்படுவாராமே" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அதெல்லாம் காலேஜ் செகண்ட் இயர் வரைக்குந்தான். அப்புறம் எங்கப்பா தானா மாறிட்டாரு. மார்க் கேக்குறத நிறுத்திட்டாரு. வண்டியக் கூட தெருமுனையிலயே ஆஃப் பண்ணிட்டு தள்ளிக்கிட்டு வருவாரு, பெட்ரோல் மிச்சமாம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கைகழுவப் போகிறவனைப் போல எழுந்து வெளியே போய், மண்டபத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அம்மா என்ன என்று கேட்டாள். புழுக்கம் என்றேன்.

நான் தானாக மாறவில்லை. நீ என்னைப் புகழ்ந்த ஒரு விஷயம் எனக்கு நியாயமாகக் கிடைத்தது அல்ல. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் இதைச் சொல்லலாமா என்று நாலு நாள் யோசித்தேன். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததற்கும் இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அதனால் எழுதிவிடுகிறேன். இதில் வருகிற இரண்டு பேரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

சிதம்பரத்தில் வீடு, கடலூர் கலெக்டர் ஆபீஸில் வேலை என்று, வண்டியை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் போய்வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். என் பிரிவுக்கு அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாவட்டத்தில் உள்ள தொண்டு நிறுவனங்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று விவரம் சேகரித்து அனுப்ப வேண்டும். கூடவே ஒரு படிவம். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார் எண். கடைசிக் கட்டத்தில், வந்த காரணம். எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. போலி நிறுவனங்களைக் கண்டுபிடிக்க என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. போர்டை மட்டும் மாட்டிவிட்டு நிதி வாங்கிய இடங்களை நானே பார்த்திருக்கிறேன். சிதம்பரத்துக்காரன் என்பதால் சிதம்பரம் பக்கத்து நிறுவனங்களை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கும் வசதி, வீட்டுக்குப் பக்கத்திலேயே முடித்துவிடலாம்.

அதில் ஒன்று, கோயில் பக்கத்து வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளில் நடந்த ஆலோசனை மையம். மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, வீட்டில் பேச ஆள் இல்லை என்று வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச விடுவார்கள். பணம் வாங்குவதில்லை. அதை நடத்தியவரை வசந்தி மேடம் என்று வைத்துக்கொள். ஐம்பது வயது இருக்கும். முதல் தடவை நான் போனபோது மோர் கொடுத்தார். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"எத்தன பேரு வந்தாங்க, ஆம்பள எத்தன, பொம்பள எத்தன, எந்த வயசு, எல்லாம் தர்றேன் சார். பேரு மட்டும் கேக்காதீங்க."

"பேரு இல்லன்னா ஆளே வரலன்னு மேல எழுதிருவாங்க மேடம்."

"வெளிய போகாதுன்னு சொல்லித்தான் அவுங்கள உக்கார வெக்கிறோம். அதுதான் எங்க வேலையே. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறந்தான்."

இரண்டாம் தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை போனபோது நான் சிரித்துக்கொண்டே, "உங்க பதிவு புதுப்பிக்கிற ஃபைல் எங்க செக்‌ஷன்லதான் மேடம் இருக்கு" என்றேன். மிரட்டவில்லை, ஒரு தகவலைச் சொன்னேன் என்றுதான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷ சர்வீஸில் குரலை உயர்த்தாமல் காரியத்தை முடிக்கத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் படிவத்தை மறுபடியும் கையில் எடுத்தார். "மூடிட்டா நாளைக்கு வர்றவங்க எங்க போவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே போய்ப் பதிவேட்டைப் பழுப்புத் தாளில் சுற்றி, சணலால் கட்டிக்கொண்டு வந்தார். "இத நீங்க பிரிக்காதீங்க சார். உங்க ஆபீசர் கையில அப்படியே குடுத்துருங்க. இந்த ஊருக்காரங்கதான் இதுல ஜாஸ்தி" என்றார். சரி என்றேன். என் முகத்தைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் கட்டை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கட்டு. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை அதைத் தொடவில்லை. பி.முட்லூரில் ஆள் ஏற்ற வண்டி நின்றபோது, எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுவோம், குறை இருந்தால் நம் தலையில்தான் விழும் என்று தோன்றியது. சணலை அவிழ்த்தேன். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், தகப்பனார் பெயர், வந்தவர் கையெழுத்து, கீழே பேசியதன் குறிப்பு. ஏழெட்டுப் பக்கம் புரட்டியிருப்பேன். உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

பெயரைப் படிப்பதற்கு முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. கடைசி எழுத்தை மேலே தூக்கிச் சுழிப்பாயே, அது. நீ அங்கே நான்கு முறை போயிருந்தாய். கல்லூரி முடிந்து நண்பன் வீட்டில் படிக்கிறேன் என்று சொன்ன நாட்கள். அந்தப் பக்கத்தில் இருந்தது என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது நீ அந்த அம்மாவிடம் சொன்னது, எனக்குச் சொன்னது இல்லை. என்னைப் பற்றி இருந்த ஒரே ஒரு வரியை மட்டும் எழுதுகிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. "சாயங்காலம் அப்பா வண்டி தெருவில் திரும்பும் சத்தம் கேட்டதும் வயிறு பிசைகிறது என்கிறான்." அவ்வளவுதான். நான் உன்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்காத தகப்பன் நல்ல தகப்பன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இன்றைக்கு என்ன மார்க் என்று கேட்பதும், எதிர் வீட்டுப் பையனின் பெயரைச் சொல்வதும், நீ பதில் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் புரட்டுவதும் அடி என்று எனக்குத் தெரியாது. ஆலப்பாக்கம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், "என்னா சார், ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இதுவரை சொன்னது பாதிதான். கடலூரில் இறங்கியதும் பேருந்து நிலையக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உன் பக்கத்தைக் கிழித்தெடுத்தேன். துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு பதிவேட்டை முன்னைப் போலவே தாளில் சுற்றி, சணலால் அதே மாதிரி முடிச்சுப் போட்டு, பத்தரை மணிக்கு அதிகாரியின் மேசையில் வைத்தேன். உன்னைத் தவிர மற்ற எல்லோரையும் கொடுத்தேன். அன்று எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். குற்ற உணர்ச்சி என்று ஒன்று அப்போது வரவில்லை. என் வீட்டுக் கதவை மட்டும் பூட்டிக்கொண்டு வந்துவிட்ட நிம்மதி இருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்துதான் தெருமுனையில் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வரத் தொடங்கினேன். பெட்ரோல் என்று சொன்னது பொய். மார்க் கேட்பதை நிறுத்தினேன். என்ன பேசுவது என்று தெரியாமல் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டேன். எனக்கு கிரிக்கெட் தெரியாது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் பதில் சொன்னாய். ஒரு மாதத்தில் நீயே என்னிடம் வந்து, இந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது என்று சொன்னாய். நான் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "எழுதிக்கலாம் தம்பி" என்றேன். நீ அழுதாய். உன் வாழ்க்கையில் நீ எனக்குக் கொடுத்த பெரிய விஷயம் அது. அதை நான் ஏற்கெனவே திருடி வைத்திருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மனு என் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தது, பிரித்து எங்கள் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் புவனகிரிப் பக்கம், பள்ளி வேன் ஓட்டுநர். செல்வம் என்று வைத்துக்கொள். "நான் பதினோரு வருடமாக வேன் ஓட்டுகிறேன். ஒரு கீறல் கூட இல்லை. என் தம்பி இறந்த பிறகு தூக்கம் வராமல் ஒரு இடத்துக்குப் போய்ப் பேசினேன். அது பள்ளிக்கு எப்படித் தெரியும்? மனநிலை சரியில்லாதவன் என்று என்னை நிறுத்திவிட்டார்கள்." நீலப் பேனாவில், கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார். பெயரைத் திரும்பப் படித்தேன். உன் பக்கத்துக்கு முந்தின பக்கம் அவருடையது. விசாரித்துப் பார்த்தேன். பதிவேட்டைத் தட்டச்சு செய்து, பட்டியலாக்கி, மின்னஞ்சலில் மேசை மேசையாக அனுப்பியிருந்தார்கள். அந்த மேசைகளில் ஒன்றில் இருந்த யாரோ ஒருவரின் பிள்ளை அந்த வேனில் போய்க்கொண்டிருந்தது. அவர் பள்ளிக்குப் போன் செய்திருக்கிறார். யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன கேட்டிருக்க முடியும்? தன் பிள்ளைக்காகப் பயந்த ஒரு தகப்பன். நானும் அதைத்தானே செய்தேன்.

அந்த மனுவுக்குப் பதில் எழுத வேண்டியவன் நான். "மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. இது தனியார் பள்ளி நிர்வாகம் சார்ந்த பொருள் என்பதால் இவ்வலுவலகம் தலையிட இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது." எழுதினேன். கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். பத்து நாளில் அந்தக் கடிதத்தைக் கையில் மடித்துக்கொண்டு செல்வம் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், சட்டையை இன் பண்ணி ஒழுங்காக வந்திருந்தார்.

"சார், நா வேல கேக்கல. எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் கேட்டேன். அதுக்குப் பதில் இதுல இல்ல."

அவரை வெளியே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. ஒருவேளை அவர் கத்தியிருந்தால் நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். பதிவேட்டை வாங்கியது நான்தான் என்று சொன்னேன். எப்படி வாங்கினேன் என்று சொன்னேன். பிறகு, கொடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தைக் கிழித்ததையும் சொன்னேன்.

"யாரு பக்கம் சார்?"

"எனக்கு வேண்டியவங்க."

அவர் டீயைக் குடிக்காமல் கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அப்ப இது தப்புன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, இல்ல சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு சந்தேகம் கேட்கிற பையனைப் போலக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த ஆமாம் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் தம்பி, நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அந்த வழியை நானே கழிவறையில் கிழித்துப் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். பெயர்கள் நமக்குத் தேவையில்லை, எண்ணிக்கை போதும், பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நகல்களை அழிக்கச் சொல்லலாம் என்று. சர்வீஸில் யாரும் கேட்காமல் நான் எழுதிய முதல் குறிப்பு அது. அதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "நீங்க சொல்றது சரிங்க. பதிவேட்ட கொண்டுபோய்க் குடுத்துருங்க. ஆனா நகல் எங்கெங்க போயிருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செல்வத்தின் பள்ளிக்கும் போய்ப் பேசினேன். தாளாளர் உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு ஆட்சேபணை இல்ல சார், பேரண்ட்ஸ் கேப்பாங்க" என்றார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. செல்வம் இப்போது பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு ஓட்டுகிறார். சீசன் இல்லாதபோது எது கிடைக்கிறதோ அது. வேனில் பிள்ளைகள் போட்ட சத்தம் இல்லாமல் ஓட்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார்.

பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்க மாடிப்படி ஏறிய அன்று, வசந்தி மேடம் அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கிழிந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு மூடி வைத்துவிட்டார். கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"மேடம், அந்தப் பக்கம் என் பையனோடது. அவன் இங்க வந்திருக்கான்."

"யாரு வந்தாங்க, யாரு வரலன்னு நா சொல்றதில்ல சார்."

"நா படிச்சிட்டேன் மேடம்."

"நீங்க படிச்சிருக்கலாம். நா சொல்லல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்ததே, முதல் நாள் நான் என் பெயரைச் சொல்லி மோர் வாங்கிக் குடித்தபோதே நான் யாருடைய அப்பா என்று அவருக்குத் தெரியும். நான் மூன்றாவது முறை போய் ஃபைலைப் பற்றிச் சொன்னபோது, 'உங்க பையன் பேரும் இதுல இருக்கு சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அந்த இடத்தை விட்டே ஓடியிருப்பேன். பதிவேடும் தப்பித்திருக்கும், அவரும் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு கட்டை என் கையில் கொடுத்தார். நான் உனக்குத் தகப்பன், அவர் உனக்கு யாரோ. அன்று உன்னைக் காப்பாற்றியது அவர்தான், என்னிடமிருந்து.

நீ ஒரு குடும்பம் தொடங்கப் போகிறாய். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது, தப்பு செய்தவன் என்ற முறையில். உன் வீட்டுக்கு வருகிறவளுக்கு, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடமாவது சொல்ல ஒரு விஷயம் இருக்கலாம். அவள் அக்காவிடம், தோழியிடம், ஒரு டாக்டரிடம். அதைத் தெரிந்துகொண்டால் அவளுக்கு நல்லது செய்யலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, நல்லது செய்யவும் செய்தேன். ஆனால் அதற்கப்புறம் உன்னோடு பேசிய ஒவ்வொரு பேச்சிலும் நான் கொஞ்சம் நடித்தேன். சந்தேகம் வந்தால் வாயால் கேள். பதில் வரவில்லை என்றால், பதில் சொல்லும்படியான ஆளாக இருக்கிறோமா என்று பார். அவள் போன் மேசைமேல் கிடந்தால் கிடக்கட்டும். நான் அன்று சணலை அவிழ்க்காமல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'என்னடா, முகம் வாடியிருக்கு' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், உன் வாயாலேயே தெரிந்திருக்கும். கொஞ்ச நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறேனே, அந்த மாடிக்குத்தான் போகிறேன். கடிதங்களை எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் மறுபடியும் ஓர் உத்தரவு வந்தது. இந்தத் தடவை தாளில் இல்லை, வருகிறவர்களின் விவரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம், போட்டோவோடு. கேட்டு வந்தவர் சின்ன வயசுப் பெண். மேலே கேட்கிறார்கள் சார், நான் என்ன செய்ய என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணிக்கை தருகிறோம், கணக்குத் தணிக்கைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், பெயர்கள் தர இயலாது என்று நான்தான் பதிலை எழுதினேன். அலுவலகத்தின் பாஷை எனக்கு அத்துப்படி, அதனால் மறுக்க முடியாதபடி எழுத முடிந்தது. வசந்தி மேடம் கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. பதிவு போகலாம், மையம் மூடப்படலாம். இந்த முறை அவர் கட்டு எதுவும் கட்டவில்லை. வருகிறவர்களிடம் இப்படி ஒரு உத்தரவு வந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உட்கார வைக்கிறார். அதற்குப் பிறகும் வருகிறார்கள். கொஞ்சம் குறைவாக.

செல்வத்தைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். "லோடு இல்லன்னா பாக்கலாம் சார்" என்றார். வந்தால் உன்னிடம் அவரைப் பழக்கப்பட்டவர் என்று மட்டும்தான் சொல்வேன். அந்தப் பக்கம் யாருடையது என்று அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன். கோபம் வந்தால் வரட்டும், அது எனக்குச் சேர வேண்டியது. சொல்லத் தோன்றினால் சொல், இல்லையென்றால் உன்னிடமே இருக்கட்டும். என்னைப் போல ஒரு மேசையில் உட்கார்ந்து, என்னைப் போல ஒரு கட்டைப் பிரிக்கப் போகிற எவராவது இதைப் படித்தால் நல்லது என்று எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. ஆனால் இதில் நீ இருக்கிறாய். ஒரே ஒரு பிரதிதான் எழுதியிருக்கிறேன், அது உன் கையில் இருக்கிறது. அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை. நீ சரி என்றால்தான் இதை வேறு யாராவது படிப்பார்கள்.

உன்
அப்பா